டிராக் சைக்கிளுக்கு இலக்கணம்

ஒரு பொருளுக்கு இலக்கணம் கூறப் புகுவோர் மூவகைக் குற்றமும் நீங்கக் கூறுதல் வேண்டும் என்பது தருக்க நூலார் கொள்கை. பசுவுக்குக் கபில நிறமுடைமை இலக்கணம் எனின் வெள்ளைப் பசு விடுபட்டுப்போம், இஃது அவ்வியாத்தி. கொம்புடைமை இலக்கணம் எனின் எருமையும் உடன்புகும்; இஃது அதிவியாத்தி. பிளவுபடாத ஒற்றைக் குளம்புடைமை எனின் உலகத்துப் பசுக்களுள் ஒன்றேனும் அகப்படாது, இஃது அசம்பவம். உரையாசிரியர்தம் தடைவிடைகளை நாள்தோறும் கற்கும் எம்போன்ற தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணாக்கர்க்கு இம்மூன்றும் பழகிய சொற்களே. ஆயினும் இவை வகுப்பறைச் சுவரைத் தாண்டிச் சென்று, ஒரு குடும்பத்தின் 36,000 ரூபாயைக் காக்கவோ போக்கவோ வல்லன என்பதை இவ்வாண்டுச் சாரற்காலத்தில்தான் கண்டோம். அங்கே பசுவின் இடத்தில் நின்றது ஒரு சைக்கிள்.

பெயரைப்பற்றி ஒரு சொல். எம் பாட்டனார் காலத்தார் துவிசக்கர வண்டி என எழுதினர்; தனித்தமிழ் அன்பர் ஈருருளி என்பர்; மிதிவண்டி என்பது அரசாங்கத்தாரும் ஏற்ற பெயர். யாமோ தென்காசிக் கடைத்தெருவில் வழங்குமாறே பெரும்பாலும் சைக்கிள் என்றே எழுதப் போகின்றோம். ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்வாராக.

எம் தாய்மாமன் தென்காசியில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். சக்கரத்தில் கோட்டம் எடுப்பதில் அவர்க்கு நிகர் மேலகரம் தொடங்கிச் செங்கோட்டை வரை இல்லை என்பர். இதனை உறவுமுறை பற்றி யாம் கூறினோமல்லோம். அவர் மகன், அஃதாவது எம் மைத்துனன், பன்னிரண்டாம் வகுப்பில் பயில்பவன். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தார் அறிஞர் அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் நடத்தும் மிதிவண்டிப் போட்டியை அன்பர் பலரும் அறிவர். 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என அதனுள் மூன்று பிரிவுகள் உண்டு. இந்தியாவிற் செய்த, சாதாரணக் கைப்பிடி உடைய வண்டியையே கொணர்தல் வேண்டும் என்பது விதி. நல்ல விதி என்பதே எம் கருத்து. செல்வர் மகன் இலட்ச ரூபாய் வண்டியொடு வந்து நின்றால் ஏனையோர் தொடக்கக் கோட்டிலேயே தோற்றுப்போவர் அன்றோ? 2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமான பின்னர் இப்போட்டியின் பொருட்டுத் திருநெல்வேலிக்குச் செல்லவேண்டிய அவசியமும் நீங்கிற்று. சென்ற ஆண்டுப் போட்டியில், பதினோராம் வகுப்பு மாணாக்கர்க்கு அரசாங்கம் வழங்கும் விலையில்லா மிதிவண்டியிலேயே ஏறி, எம் மைத்துனன் பரிசு பெற்றான்.

அன்று அங்கு வந்திருந்த பயிற்சியாளர் ஒருவர் அவன் இறுதி 200 மீட்டரில் இருவரைப் பின்னிட்டு வந்த விரைவைக் கண்டு, “இவன் கால் சாலைக்கு ஆனதன்று, டிராக்குக்கு ஆனது. ஒரு டிராக் சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்,” என்று சொல்லிப் போனார். அச்சொல் மாமன் வீட்டில் ஓராண்டாக உறங்கவில்லை. நகரத்துக் கடையொன்றில், ‘டிராக் சைக்கிள்’ என்றே விளம்பரம் செய்யப்பெற்ற வண்டி 36,000 ரூபாய்க்குக் கிடைத்தது. அத்தை ஏலச்சீட்டில் எடுத்து வைத்திருந்த பணமும் ஏறக்குறைய அவ்வளவே. அப்பணம் வீட்டுப் பின்கட்டின் கூரையை மாற்றுதற்கென வைத்தது. தென்காசிச் சாரல் குற்றாலத்துக்கு வருவோர்க்கு இன்பம். ஒழுகும் கூரையின்கீழ் உறங்குவோர்க்கு அஃது இன்பமன்று. ஆயினும் அத்தையே, “கூரை அடுத்த வருசம் மாத்திக்கிடலாம், பையனுக்கு வயசு நிக்குமா?” என்றார். பணத்தை அனுப்புமுன், “அது நெசமாவே டிராக் வண்டிதானான்னு படிச்ச நீ பாத்துச் சொல்லு,” என்று எம்மிடம் பொறுப்பை வைத்தனர்.

நற்காலமாக, அதே கடையில் அதே வகை வண்டியை வாங்கியிருந்த எம் நண்பர் ஒருவர் ஐந்தருவியில் நீராடும் பொருட்டு அவ்வண்டியிலேயே குற்றாலம் வந்தார். வழியில் சக்கரம் கோணிற்று. மாமன் கடையில் இருநாள் விட்டுச் சென்றார். அவ்விரு நாளும் எம் கடைத்திண்ணை தருக்கக் களரி ஆயிற்று.

பிரேக்கு இல்லாத சைக்கிளே டிராக் சைக்கிள் என்பது ஊரார் முதலிற் கூறும் இலக்கணம். மாமன் இதனைக் கேட்டு நகைத்தார். “பிரேக்கு இல்லாததுதான் டிராக் வண்டின்னா, மருமவனே, நம்ம கடை வாசல்ல நிக்கிறதுல பாதி டிராக் வண்டிதான்!” அதிவியாத்தி என்னும் சொல்லை அறியாமலே அதனை இதனினும் தெளிவாக எவர் விளக்கவல்லார்? கியர் ஒன்றே உடைமை எனின், அரசாங்கம் வழங்கிய விலையில்லா வண்டியும் பால்காரர் வண்டியும் உடன்புகும். கீழ்நோக்கி வளைந்த கைப்பிடி எனின், சாலைப் பந்தய வண்டிகள் யாவும் புகும். பின்சக்கரத்தின் அச்சு பொருந்தும் பிளவு பின்னோக்கித் திறந்திருத்தல் எனச் சிலர் நுட்பமாகக் கூறுவர். செயினை இழுத்து முறுக்கேற்றுதற்கு வசதியாக டிராக் வண்டிகளில் அஃது அவ்வாறே அமைந்துள்ளது. கியர் மாற்றும் சாலை வண்டிகளில் அங்ஙனம் இல்லை. ஆயின் மாமன் எழுந்து சென்று, பால்காரர் விட்டுப்போயிருந்த பழைய கறுப்பு வண்டியின் பின்புறத்தைச் சுட்டினார். அங்கும் பிளவு பின்னோக்கியே திறந்திருந்தது. செயின் இழுக்கும் திருகாணியும் இருந்தது. முற்காலத்து ஆங்கில வண்டிகளின் அமைப்பை நம் நாட்டுச் சாதாரண வண்டிகள் இன்றும் விடாமற் காத்துவருகின்றன என்பதை அன்றே நோக்கினோம்.

இனிப் பிரீவீல். நாம் மிதிப்பதை நிறுத்தினும் சக்கரம் ஓடிக்கொண்டிருக்க, உள்ளே டிக்கு டிக்கென ஒலிக்குமே, அதுவே பிரீவீல். டிராக் வண்டியில் அஃது இல்லை. பற்சக்கரம் பின்சக்கரத்தின் நடுக்குடத்தோடு அசையாது பிணிக்கப்பட்டிருக்கும். சக்கரம் சுழலும் வரை பெடலும் சுழலும். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் வண்டி பின்னுக்குச் செல்லும். அனைத்துலக மிதிவண்டிச் சங்கமும், பிரீவீல், பல கியர், பிரேக்கு இம்மூன்றும் தடத்தில் ஆகா எனப் போட்டிக்கும் பயிற்சிக்கும் ஒருங்கே விதித்துள்ளது. ஆகவே இஃது இன்றியமையாத இலக்கணம் என்பதில் ஐயமில்லை. இதுவே போதுமோ எனின், போதாது. 1885இல் ஸ்டார்லி என்பார் இங்கிலாந்தில் ‘ரோவர்’ வண்டியைச் செய்தபோது அதிலும் பிரீவீல் கிடையாது; அக்காலத்து மக்கள் கடைக்குச் சென்றதும் கோயிலுக்குச் சென்றதும் இத்தகைய வண்டியில்தான். பிரீவீல் பரவியது அந்நூற்றாண்டின் இறுதியில். இன்றும் சர்க்கஸ்காரர் பின்னோக்கி ஓட்டும் வண்டி இவ்வகையதே. நம் ஊர்த் திடல்களில் இரவுபகலாக வண்டியை விட்டிறங்காமல் வட்டமிட்ட வித்தைக்காரர்களைப் பெரியோர் இன்னும் நினைவு கூர்வர். அவரெல்லாரும் டிராக் சைக்கிள் ஓட்டினார் என்று எவரும் சொல்லார்.

இங்ஙனம் ஒவ்வோர் உறுப்பாக எடுத்து இலக்கணம் கூறும்தோறும் எருமை உள்ளே புகுந்துகொண்டேயிருந்தது. “உறுப்பப் பாத்தா தெரியாது மருமவனே. ஓடுத எடம் எப்பிடி இருக்கும், அதச் சொல்லு மொதல்ல,” என்றார் மாமன். அவர் அதுவரை எந்தத் தடத்தையும் கண்டவரல்லர். எனினும் கேள்வியை இருக்கவேண்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியவர் அவரே.

இக்காலத்து உட்கூடத் தடம் பெரும்பாலும் 250 மீட்டர்ச் சுற்றளவு உடையது. புதுதில்லியில் 2010ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுக்காக இந்திரா காந்தி விளையாட்டரங்க வளாகத்தில் எழுந்த மரத்தடமும் அவ்வளவினதே. இரு நேர்பகுதிகளும் இரு வளைவுகளும் கொண்டு, வளைவுகளில் தரை ஏறக்குறைய 42 முதல் 45 பாகை வரை உயர்ந்து சாய்ந்திருக்கும். இச்சாய்வு அழகுக்கன்று. 22 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 54 கிலோமீட்டர் விரைவில் ஒருவன் செல்வானாயின், புறத்தே வீசப்படாதிருக்க அவன் 46 பாகை அளவு உட்பக்கம் சாய்தல் வேண்டும் எனக் கணக்குச் சொல்கிறது. சமதரையில் அவ்வளவு சாய்ந்தால் சக்கரம் வழுக்கிவிடும். தரையும் உடன் சாய்ந்தால் வண்டி தரைக்குச் செங்குத்தாகவே நிற்கும். ஓட்டுபவனுக்கு நேர்சாலையிற் செல்வது போன்றே தோன்றும். திருவிழாப் பொருட்காட்சியில் மரணக்கிணறு கண்டோர்க்கு இதனை மேலும் விரிக்கவேண்டுவதில்லை.

இத்தடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வண்டியை நோக்கினால், உறுப்புகள் தாமே பேசத் தொடங்குகின்றன. போட்டியில் அனைவரும் இடஞ்சுற்றாகவே, அஃதாவது இடக்கைப் பக்கமே திரும்பிச் செல்வர். ஆகவே மேடு எப்போதும் வலப்பக்கம். விரைவு குறைந்து செல்பவன் தரையின் சாய்வுக்கு ஒத்துச் சாய்வதில்லை, நிமிர்ந்து செல்வான். அப்போது கீழே வரும் வலப்பெடல் மேட்டில் இடித்தால் அவனும் வீழ்வான், பின்வருவோரும் வீழ்வர். அதுபற்றியே கிராங்கு அச்சு உயரத்தில் அமைக்கப்படுகிறது. கிராங்கும் சற்றுக் குறுகியது. பிரேக்கு இல்லாமையும் இத்தகையதே. ஒரு சாண் இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராகச் செல்லும் கூட்டத்தில், முன்செல்பவன் திடீரெனப் பிரேக்கைப் பிடித்தால் என் ஆகும்? அனைவரும் காலால் மட்டும் மெல்ல மெல்ல விரைவைக் குறைக்க வல்லராதலே அனைவர்க்கும் காப்பு. சாலையில் உயிரைக் காக்கும் கருவி தடத்தில் உயிர்க்கு உலை வைக்கும் என்பது எமக்கு முதலில் விந்தையாகவே தோன்றிற்று. எண்ண எண்ண நேராயிற்று. பிரேக்கே இல்லையாதலின் அதற்குரிய துளையும் போர்க்கில் வேண்டுவதில்லை. மட்கார்டு இல்லையாதலின் டயருக்கும் சட்டத்துக்கும் இடையே விரல்நுழையும் இடமும் வேண்டுவதில்லை. சில நிமிடங்களில் முடியும் ஓட்டத்தில் தண்ணீர்ப் புட்டிக்கு இடமெதற்கு? சட்டத்தின் முன்குழாய் செங்குத்தை நோக்கி நிமிர்ந்து, இரு சக்கரங்களும் நெருங்கியிருப்பது, கைப்பிடியை அசைத்த அக்கணமே வண்டி திரும்புதற்பொருட்டு.

பற்களின் கணக்கையும் ஈண்டுச் சொல்லிவிடுவோம். மாமன் கடையிலிருந்த பால்காரர் வண்டியில் முன்னே 44 பல், பின்னே 18. பெடல் ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 5.4 மீட்டர் செல்லும். 54 கிலோமீட்டர் விரைவு எய்த, நிமிடத்துக்கு 167 சுற்று மிதித்தல் வேண்டும். அது மனிதர் காலன்று, தையல் இயந்திரம். முன்னே 48, பின்னே 16 எனின் ஒரு சுற்றுக்கு 6.3 மீட்டர், 143 சுற்றுப் போதும். இக்காலத்து முதன்மை வீரர் நான்கு மடங்குப் பல் வைத்தும் மிதிக்கின்றனர். கியரை மாற்ற இயலாதாகலின், எத்தனை பல் என்பதை ஓட்டத்துக்கு முன்பே முடிவு செய்தல் வேண்டும். தொடக்கத்தில் எளிது கொண்டவன் முடிவில் காலைச் சுழற்ற மாட்டாது வருந்துவான், அரிது கொண்டவன் தொடக்கத்திலேயே பின்தங்குவான்.

இத்துணையும் அறிந்தபின் மாமன் நண்பரின் வண்டியைத் தலைகீழாக நிறுத்தினார். போர்க்கில் பிரேக்குத் துளை, பின்சட்டத்திலும் துளை, தண்ணீர்ப் புட்டிக்கு இரு திருகாணி. கிராங்கு அச்சின் நடுவைத் தரையிலிருந்து அளந்தோம், 26½ செ.மீ. சாலை வண்டியின் உயரமே அது. தடத்து வண்டிக்கு 28 செ.மீ. அளவில் வேண்டும். இவையெல்லாம் மன்னிக்கத்தக்கன. மன்னிக்கலாகாதது பின்சக்கரத்தில் இருந்தது. அசையாப் பற்சக்கரம் நடுக்குடத்தில் திருகப்பட்டிருக்கும் புரி முன்மிதிக்கும்தோறும் இறுகும்; பின்மிதித்து நிறுத்தும்போது அவிழப் பார்க்கும். அவிழாதிருக்க, அதன் மேல் இடப்புரியுடைய பூட்டுவளையம் ஒன்று இருத்தல் வேண்டும். இடப்பக்கத்துப் பெடலில் இடப்புரி இருப்பதை அறிந்த எந்தச் சைக்கிள்கடைக்காரர்க்கும் இதன் காரணம் விளங்கும். அவ்வண்டியில் பூட்டுவளையமும் இல்லை. அதற்குரிய இடப்புரியும் குடத்தில் வெட்டப்படவில்லை. பிரீவீலுக்கு வெட்டிய புரியிலேயே பற்சக்கரத்தை முறுக்கி விட்டிருந்தனர். மாமன் அதனைக் கையாற் சுட்டியபோது அவர் முகத்தில் நகை இல்லை. “பிரேக்கையும் கழத்திட்டு, இத நம்பி ஒருத்தன் ஐந்தருவி எறக்கத்துல வந்தா?” என்று மட்டும் கேட்டார். சாரற்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்விறக்கத்தில் பேருந்தும் காரும் ஈர உடையொடு குழந்தைகளைக் கைப்பிடித்து நடப்போரும் எவ்வளவு நெருங்கியிருப்பர் என்பதை நம் கல்லூரி அன்பருள் குற்றாலம் வாராதார் இலராதலின் யாம் எழுதவேண்டா. நண்பர் திரும்பி வந்ததும் இரண்டு பிரேக்கையும் கழற்றவே கூடாதென்று சொல்லி, அவர் ஒப்புதலோடு பற்சக்கரத்தை எடுத்துவிட்டுப் பிரீவீலை மாட்டியே அனுப்பினார்.

இது வீண் அச்சமன்று. 2016 பிப்ரவரியில் லண்டன் மாநகரத்துத் தெருவொன்றில், முன்பிரேக்கு இல்லாத டிராக் சைக்கிளில் சென்ற இளைஞன் மோதி, இரு மக்களின் தாயாகிய மாது ஒருவர் உயிர் நீத்தார். 2017இல் அவனுக்கு 18 மாதச் சிறை விதிக்கப்பட்டது. குதிரை வண்டிகளை மனத்தில் வைத்து 1861இல் இயற்றிய சட்டப்பிரிவைத் தேடியெடுத்தே அவனைத் தண்டிக்க வேண்டியிருந்தது என்பர். அங்கே அசையாப் பற்சக்கரத்தைச் சட்டம் பின்பிரேக்காக ஏற்கும். முன்பிரேக்கு தனியே இருந்தே தீரவேண்டும். அவ்வண்டி தடத்துக்கு உண்மையானது. அதனாலேயே தெருவுக்குப் பொய்யானது.

விலையையும் விளம்பரத்தையும் கொண்டு உண்மை வண்டியை அறிய இயலாது என்பதற்கு ஒரு கதை உண்டு. யாம் அதனைச் சொல்லியபோது மாமன் இருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். ஒரு மணி நேரத்தில் தனியொருவன் தடத்தில் எவ்வளவு தொலைவு செல்வான் என்பது பழம்பெரும் போட்டி. 1893இல் பாரிஸ் நகரில் ஆன்ரி தெகிராஞ்சு என்பார் 35.325 கிலோமீட்டர் சென்றார். 1984இல் இத்தாலியராகிய மோசர் 51.151 கிலோமீட்டராக உயர்த்தினார். அவர்க்குப் பின்னே விஞ்ஞானிகளும் செல்வமும் நின்றன. அதனை முறியடித்தவர் ஸ்காட்லாந்து நாட்டுக் கிரேம் ஓப்ரி. சைக்கிள்கடை வைத்து நொடித்துப்போனவர் அவர். தம் வண்டியைத் தாமே செய்தார். இரு கால்களும் நெருங்கிச் சுழலவேண்டும் என்பதற்காகச் சலவை இயந்திரத்தின் பால்ரஸ்களை எடுத்துக் கிராங்கு அச்சில் வைத்தார். 1993 ஜூலையில் நார்வே நாட்டு ஹாமர் தடத்தில் முதல்நாள் புதிதாகச் செய்வித்த வேறொரு வண்டியில் ஏறித் தோற்றார். மறுநாட் காலையே, கால்வலி தீருமுன், தம் பழைய வண்டியில் ஏறி 51.596 கிலோமீட்டர் சென்றார். ஆறு நாளில் வேறொருவர் அதனை மிஞ்சினார். அடுத்த ஆண்டு சங்கத்தார் அவர் அமர்ந்த முறையையே விலக்கினர். “வாசிங் மெசின் பால்ரஸா!” என்று மாமன் தம் மகனை நோக்கினார். அப்பார்வையின் பொருள் எமக்கு அப்போது முழுதும் விளங்கவில்லை.

நம் நாட்டார்க்கு இஃதெல்லாம் ஆகுமோ என ஐயுறுவோர்க்கும் விடை உண்டு. 1948இல் லண்டன் ஒலிம்பிக்கின்போதே ஹெர்ன் ஹில் தடத்தில் இந்திய வீரர் ஓட்டினர். நிக்கோபார்த் தீவினராகிய ஈசோ ஆல்பன் 2018இல் சுவிட்சர்லாந்தின் ஏகில் நகரில் இளையோர் உலகப் போட்டியில் வெள்ளி பெற்றார். மறு ஆண்டு ஜெர்மனியில் அவரும் மணிப்பூர் இளைஞரும் சேர்ந்து இந்தியாவுக்குப் பொன் ஈட்டினர். கடல்சூழ் தீவிலிருந்து ஒருவன் செல்லக்கூடுமாயின், திரிகூட மலையடியிலிருந்து செல்லலாகாதோ?

எமக்கு அண்மையிலுள்ள தடம் மலைக்கு அப்பால், திருவனந்தபுரத்துக் காரியவட்டத்தில், இலட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியில் உள்ளது. தென்காசியிலிருந்து ஆரியங்காவு வழியே நூறு கிலோமீட்டருக்குச் சற்றே மிகுதி. பணத்தை எதில் இடுவது என முடிவு செய்யுமுன் அதனைக் கண்ணாற் காணவேண்டும் என்று மாமன் கடையை ஒருநாள் பூட்டினார். அவர் கடை பூட்டியதை யாம் அதற்கு முன் கண்டதில்லை. மூவரும் பேருந்தேறிச் சென்று வேலிப்புறத்தே நின்று நோக்கினோம். வானந்திறந்த சிமெண்டுத் தடம். நேர்பகுதி குளக்கரைபோல் மெல்லச் சரிந்திருந்தது. வளைவோ கீழிருந்து பார்ப்போர்க்குச் சுவர்போல் எழுந்து நின்றது. பயிற்சி செய்தோர் இருவர் முதலில் நடையினும் மெல்லச் சென்றனர். ஒருவரையொருவர் முன்னே தள்ளிவிட விரும்புவார்போல் திரும்பித் திரும்பி நோக்கினர். ஒருவர் மேட்டில் அசையாது அப்படியே நின்றுவிட்டார், கால் தரையிற் படவில்லை. அசையாப் பற்சக்கரம் இன்றி அவ்வாறு நிற்றல் எளிதன்று. திடீரென மேலிருந்தவர் கீழே பாய்ந்தார். பின்பு நிகழ்ந்ததைச் சொல்லுமுன் அது முடிந்துவிட்டது. மைத்துனன் வேலிக்கம்பியைப் பிடித்த கையை எடுக்கவேயில்லை.

அங்கு, ஓட்டத்தை விட்டு வெகுகாலமான முதியவர் ஒருவர் எம்மோடு பேச்சுக் கொடுத்தார். அவரிடம் எஃகுக் குழாயாலான பழைய டிராக் சட்டமொன்று கிடந்தது. 7,500 ரூபாய்க்கு விட்டுக்கொடுத்தார். சாயம் உரிந்திருந்தது. துளை ஒன்றும் இல்லை, புட்டிக்கு இடமில்லை, டயர் நுழைந்தால் காற்று நுழையாது. மாமன் முதலில் அளந்தது கிராங்கு அச்சின் உயரத்தை. பூட்டுவளையத்தோடு கூடிய நடுக்குடத்தை வருவித்தார். 36 கம்பியும் தாமே கோத்து, இருநாள் இரவு கோட்டம் எடுத்தார். எல்லாம் சேர்ந்து 18,000 ரூபாய்க்குள் அடங்கிற்று. எஞ்சியதில் பின்கட்டுக் கூரையின் பாதி மாறிற்று. பாதி என்றே எழுதுகின்றோம். மற்றப் பாதியின்கீழ் இன்னும் ஏனம் வைத்தே உறங்குகின்றனர்.

ஓர் இடர் எஞ்சியது. தடமோ மலைக்கு அப்பால். அன்றாடப் பயிற்சியோ தென்காசிச் சாலையில். துளையில்லாப் போர்க்கில் பிரேக்கை எங்கே மாட்டுவது? மகன், “பின்மிதிச்சே நிறுத்திக்கிடுவேன்ப்பா,” என்றான். மாமன் மறுமொழி சொல்லவில்லை. ஒரு வாரம் வண்டியைக் கொடுக்கவும் இல்லை. அந்த ஒரு வாரத்தில், பொருந்தும் அளவுள்ள, துளையுள்ள போர்க்கு ஒன்றைத் தேடிப்பிடித்து, அதில் முன்பிரேக்கை மாட்டினார். தென்காசிக்கு ஒரு போர்க்கு, காரியவட்டத்துக்கு ஒரு போர்க்கு. மாற்றுவதற்கு அவர்க்கு இருபது நிமிடம் ஆகும்.

மறுநாள் விடியலில் மேலகரம் கடந்து குற்றாலச் சாலையில் அவன் முன்செல்ல, யாம் பால்காரர் வண்டியில் பின்சென்றோம். கணவாய்க் காற்று எதிரே அறைந்தது. சாரல் முகத்தில் ஊசியெனக் குத்திற்று. மிதிப்பதை நிறுத்த எண்ணிய அவன் கால்களைப் பெடல் தூக்கித் தூக்கி எறிந்தது. பேரருவியின் ஓசை கேட்கும் இடத்தில் திரும்பினோம். காற்று முதுகில் ஏறிற்று. அதன்பின் அவன் கால்கள் எம் கண்ணுக்கு வட்டமாகவே தோன்றின. மேலகரம் வருமுன் அவனே தோன்றவில்லை.

பிரேக்கு மாட்டிய அப்பொழுதில் அவ்வண்டி உண்மையான டிராக் சைக்கிளோ அன்றோ என்பது எமக்கும் மாமனுக்கும் இடையே இன்னும் தீராத வழக்கு. கழற்றி மாட்டத்தக்க உறுப்பு பொருளின் இலக்கணத்தைக் கெடுக்காது என்பது எம் கட்சி. “தென்காசில அது சைக்கிள். காரியவட்டத்துலதான் டிராக் சைக்கிள்,” என்பது அவர் கட்சி. தருக்க முறைப்படி அவர் கூற்றை மறுப்பது எளிதாக இல்லை. அடுத்த மாதம் முதல் தேர்வோட்டம் உள்ளது. ஆரியங்காவு வழிப் பேருந்தில், சக்கரம் கழற்றிய வண்டியையும் இரண்டு போர்க்கையும் மேலே ஏற்ற விடுவார்களா, அதற்குக் கட்டணம் எவ்வளவு என்று மாமன் இப்போது ஒவ்வொரு நடத்துநராக விசாரித்துக்கொண்டிருக்கிறார்.